ஆறு சதவீதம்

மெஷின்காரர் வந்து நின்ற விதமே சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. மற்ற நாட்களில் அச்சு அறையில் இருந்தபடியே குரல் கொடுக்கிறவர், அன்றைக்கு ஒரு மீட்டர் துணியைத் தோளில் துண்டு மாதிரிப் போட்டுக்கொண்டு நேராக அவள் மேஜைக்கு வந்தார். கீபோர்டை ஓரமாகத் தள்ளிவிட்டுத் துணியை விரித்தார்.

"வட்டம், இதப் பாரு. அழுக்கு."

"எங்கண்ணே?"

"எங்கயா? எல்லா இடத்துலயும்தான். உன் வட்டத்துக்கெல்லாம் அடியில பாரு, கறை மாதிரி ஏதோ ஓடுது. ரெண்டு தடவ ஹெட்டக் கழுவிட்டேன். மை மாத்தினேன். வேற டிசைன் போட்டா பளிச்சுனு வருது. உன்னுதப் போட்டா மட்டும் அழுக்கு. மெஷினுக்கு உன்னப் பாத்தா மட்டும் ஜலதோஷம் பிடிக்குதா?"

அவள் குனிந்து பார்த்தாள். பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது என்னவென்று அவர் 'அடியில' என்று சொன்னபோதே தெரிந்துவிட்டது.

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே வட்டம்தான். போர்வைக்கும் திரைச்சீலைக்கும் தலையணை உறைக்கும் அச்சு டிசைன் போடுகிற இடம். மூன்று வருடமாக அவள் போட்டதெல்லாம் வட்டம், அரைவட்டம், வளையம், வில். கணினியில் இழுத்தால் தானாக வருகிற வடிவங்கள். உயிருள்ள எதையும் அவளால் வரைய முடியாது. பறவை வரையச் சொன்னால் அது இன்னும் முட்டைக்குள்ளேயே இருப்பது மாதிரி ஒன்று வரும். நிறங்களைச் சேர்ப்பதில் மட்டும் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. அதனால் வண்டி ஓடியது.

அந்த மென்பொருளில் ஒரு டிசைன் என்பது ஒரே படமல்ல. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல, பல அடுக்குகள். ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அதன்மேல் நகர்கிற ஒரு மணி. மணியை வலது கோடிக்கு இழுத்தால் நூறு. அடுக்கு முழுசாகத் தெரியும். இடது கோடிக்குத் தள்ளினால் பூஜ்யம். அடுக்கு அங்கேயே இருக்கும், ஆனால் இல்லாத மாதிரி இருக்கும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ஒன்றின் வழியாக இன்னொன்று தெரியும்.

அவள் ஆறில் நிறுத்தியிருந்தாள். ஆறு சதவீதத்தில் நிற்கிற அடுக்கை, மேலே நான்கு நிறத்தில் வட்டங்கள் வந்து உட்கார்ந்த பிறகு, திரையில் எவரும் கண்டுபிடிக்க முடியாது. வைத்தவளே மறந்துபோகலாம். மறந்துபோனாள். ஆனால் மெஷினுக்கு மறதியும் கிடையாது, தாட்சண்யமும் கிடையாது. ஆறு என்றால் ஆறுக்கு உண்டான மையைத் துணியில் வைத்துவிட்டது.

"அழுக்கில்லண்ணே. ஃபைல்ல சின்னத் தப்பு. சரி பண்ணிட்டு வேற அனுப்பறேன். இத இங்கயே வெச்சிட்டுப் போங்க."

"தப்பு உன்னுது, குளியல் என் மெஷினுக்கா? நல்லா இருக்கே நியாயம்," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார்.

அது அழுக்கில்லை. ஒரு கொடி. அவளுடைய நாத்தனார் வரைந்தது.

நாத்தனாரும் அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். கணவனுக்குத் தங்கை, அவனைவிட ஒன்பது வயது சின்னவள். பகலில் ஒரு மருந்துக்கடையில் நின்றாள், மற்ற நேரத்தில் வரைந்தாள். சமையலறைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயைப் பற்றிக்கொண்டு மூன்றாவது மாடி வரைக்கும் ஏறியிருந்த, பெயர் தெரியாத ஒரு கொடியை ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். புழு தின்ற ஓட்டைகளைக்கூட விடவில்லை. ஒரு இலையின் ஓட்டை வழியே பின்னால் இருக்கிற இலையின் நரம்பு தெரியும். அதைப் பார்க்கிற யாருக்கும் விரல் வைத்துத் தொட வேண்டும் போலிருக்கும்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கிற விளம்பரத்தை முதலில் பார்த்ததும் நாத்தனார்தான். தனியாகப் போகக் கூச்சப்பட்டு அண்ணியைத் துணைக்கு அழைத்துப் போனாள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அண்ணியும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பினாள். விசிட்டிங் கார்டு அடிக்கிற கடையில் இரண்டு வருடம் கணினி தட்டிய பழக்கம் அவளுக்கு இருந்தது. நாத்தனாருக்குப் பென்சில்தான் தெரியும். வேலை துணைக்குப் போனவளுக்குக் கிடைத்தது. திரும்பி வரும்போது நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "பஸ்ஸுல துண்டு போட்டது நான், உக்காந்தது நீங்க. நல்ல சீட்டா பாத்துத்தான் போட்டிருக்கேன் போல."

போன வாரம் போர்வைக் கம்பெனி அவளுடைய இரண்டு டிசைன்களைத் திருப்பி அனுப்பியது. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறதாம். மூன்றாவது ஒன்றுக்கு மூன்று நாள் அவகாசம். அன்று காலை நாத்தனார் குளித்துக்கொண்டிருந்தாள். வாஷிங் மெஷின்மேல் அந்தக் கொடி கிடந்தது. அவள் ஃபோனை எடுத்து ஒரு படம் பிடித்தாள்.

எடுத்துப் போடவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வட்டங்களை எங்கே வைப்பது, எங்கே நெருக்குவது, எங்கே விடுவது என்று தெரியாமல்தான் அவை தட்டுகளாகிப் போயின. கொடி போகிற வழியில் வைத்துப் பார்க்கலாமே. படத்தை அடியில் ஓர் அடுக்காகப் போட்டு, மணியை ஆறுக்குத் தள்ளி, தண்டு வளைகிற இடத்தில் வளையம், இலை நெருங்குகிற இடத்தில் சின்ன வட்டங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். வழிதானே கேட்கிறோம், வீட்டுக்குள்ளேயா போகிறோம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். முடித்ததும் அந்த அடுக்கை அழித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலை ஒன்றுதான் விட்டுப்போனது.

இப்போது அழித்துவிடலாம் என்று மவுஸைத் தொட்டபோது மேடம் வந்துவிட்டார். மேடம்தான் அந்த அலுவலகத்தை நடத்துகிறவர். யாருடைய மேஜையில் புதிதாகத் துணி கிடந்தாலும் எடுத்துப் பார்க்காமல் தாண்டமாட்டார். எடுத்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன, பின்னாடி?"

"அது... சும்மா ஒரு நிழல் மேடம்."

"சும்மாவா? உன் வட்டத்துக்கு இன்னிக்குத்தான் மூச்சு வந்திருக்கு. மூணு வருஷமா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

இது என் நாத்தனார் வரைஞ்சது. நாலே வார்த்தை. அவள் வாயைக்கூடத் திறந்தாள். அதற்குள் மேடம் துணியை மடித்துக்கொண்டு, ஃபோனில் யாரிடமோ, "இருங்க, ஒண்ணு அனுப்பறேன், பாத்துட்டுச் சொல்லுங்க," என்று பேசிக்கொண்டே போய்விட்டார். நாலு வார்த்தையும் நாக்கிலேயே உட்கார்ந்துவிட்டன. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதும் அங்கேயே இருந்தன; சோறு இறங்கவில்லை.

இரண்டு நாளில் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. ரொம்பப் பிடித்திருக்கிறது. அந்த நிழலை மட்டும் கொஞ்சம் கூட்ட முடியுமா?

அவள் எட்டு வைத்தாள்.

"நக்கலா?" என்றார் மேடம். "ரெண்டே ரெண்டு கூட்டியிருக்க. பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கணும். பன்னெண்டு வை."

பன்னிரண்டில் தண்டு தெரிந்தது. அவள் மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தாள், சுருக்கிப் பார்த்தாள். தண்டுதானே, எந்தத் தண்டாகவும் இருக்கலாம் என்று தேற்றிக்கொண்டாள். சாம்பிள் போயிற்று. இன்னும் கொஞ்சம் என்று பதில் வந்தது. இருபதில் இலைகள் வந்தன. அவள் இலைகளை லேசாகக் கலங்கலாக்கி அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மங்கலாக்கின? அந்த ஓட்டை ஓட்டையா இருந்துச்சே, அதானே அழகு. புழு கடிச்ச எடம் வரைக்கும் வரைஞ்சிருக்க. பெரிய ஆளு நீ. திருப்பி வை."

திருப்பி வைத்தாள். மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணியை வலது பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் கொடி அடியிலிருந்து மேலே வந்தது. குளத்தில் எதையோ போட்டுவிட்டு வந்தவள், தண்ணீர் வற்ற வற்றக் கரையில் நின்று பார்ப்பது மாதிரி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே வாரத்தில்தான் வீட்டில் அந்த விண்ணப்பம் வந்து இறங்கியது. ஒரு வருட ஓவியப் படிப்பு. வருடத்துக்கு எட்டுப் பேரைத்தான் சேர்ப்பார்கள். ஆறு படங்கள் அனுப்ப வேண்டும். நாத்தனார் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் தாளைப் பிடித்து உரக்கப் படித்தாள்.

"'படங்கள் விண்ணப்பதாரரின் சொந்தப் படைப்பாகவும், இதற்கு முன் எவ்வடிவிலும் வெளியாகாதவையாகவும் இருக்க வேண்டும்.' இது ஒண்ணுல நமக்குப் பிரச்சினையே இல்ல. நம்ம படத்த வெளியிட எவன் காத்துக் கெடக்கான்?"

"எட்டுப் பேருல ஒண்ணு நம்ம வாலு," என்றான் அண்ணன். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நிற்கும். "படிச்சு முடிச்சிட்டு வந்து லிஃப்டுக்குள்ள எல்லாம் பூ வரைஞ்சு குடு. நடுவுல மாட்டிக்கிட்டவங்க நான் வர்ற வரைக்கும் பாத்துட்டாவது இருக்கட்டும்."

"நீ வர்றதுக்குள்ள அவங்களே வரையக் கத்துக்குவாங்க."

அவன் சிரித்தான். நாத்தனார் அண்ணியின் பக்கம் திரும்பினாள். "எந்த ஆறுன்னு முடிவு பண்ணிட்டேன் அண்ணி. கொடிதான் மொத. அத வெச்சுத்தான் மத்ததெல்லாம். நல்லா இருக்கும்ல?"

"ம். இருக்கும்."

"என்ன, ம்? டல்லடிக்கிறீங்க. வேலை ஜாஸ்தியா?"

"ஆமா," என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் எழுந்தாள். தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அடுத்த நாள் அவள் சொந்தமாக ஒரு கொடி வரையப் பார்த்தாள். மதிய இடைவேளையில், யாரும் இல்லாதபோது. இலைகள் எல்லாம் கரண்டிகளாக வந்தன. கரண்டிகள் ஒரு கம்பியில் தொங்கின. அவள் அதைக் கிழித்து, கிழித்ததையும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அலுவலகக் குப்பைத்தொட்டியில் போடக்கூடப் பயமாக இருந்தது.

முப்பத்தைந்தில் கம்பெனி ஒத்துக்கொண்டது. இனி மாற்றம் இல்லை. திங்கட்கிழமை கடைசி ஃபைல் வேண்டும். கூடவே இன்னொன்றும். சில டிசைன்களுக்குத் துணியின் ஓரக்கரையில், நீளவாக்கில், வரைந்தவர் பெயரைச் சின்ன எழுத்தில் அச்சடிப்பது வழக்கம். அந்த அலுவலகத்தில் இதுவரை யாருக்கும் அது நடந்ததில்லை. கம்பெனி அவள் பெயரைக் கேட்டிருந்தது.

அவள் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை கணவன் அவளை அழைத்துப்போக வந்தபோது வாசலில் மெஷின்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. வீட்டுக்குள் நுழையும்போதே இவன் கத்திக்கொண்டு நுழைந்தான்.

"வாலு! உன் அண்ணி பேரு துணிக்கரையில வரப்போகுது! ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தடவ! ஊருல இருக்கறவனெல்லாம் உன் அண்ணி பேரப் போத்திக்கிட்டுத் தூங்கப்போறான்!"

நாத்தனார் உள்ளறையிலிருந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தலைமுடியில் பென்சில் செருகியிருந்தது. அது அவள் கன்னத்தில் குத்தியது.

"அண்ணி! சொல்லவே இல்ல பாருங்க! துணியக் காட்டுங்க."

"இன்னும் முடியல."

"எவ்வளவு நாளா முடியல முடியலங்கறீங்க. செலையா செதுக்கறீங்க?"

அந்தத் துணி அவள் கைப்பையில்தான் இருந்தது. நாத்தனாரின் கை அவள் தோளில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாத்தனார் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவள் தன் கைப்பையிலிருந்து சாம்பிளை எடுத்துக்கொண்டு போனாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து பத்து விதமாக யோசித்துவைத்திருந்தாள். பக்கத்தில் போனதும் பத்தும் பறந்துபோயின. ஈரச் சட்டைகளுக்கு நடுவே கயிற்றில் சாம்பிளை விரித்துப் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் மாட்டிவிட்டு நின்றாள்.

வெயில் துணியின் வழியாக வந்தது. வட்டங்கள் பின்னுக்குப் போய்க் கொடி முன்னால் நின்றது.

நாத்தனார் கையில் இருந்த துவாலையைக் கீழே வைக்கவில்லை. கிட்டப் போய் ஓர் இடத்தில் விரல் வைத்தாள்.

"இந்த எலைக்குக் காம்பே இல்ல. அந்தரத்துல தொங்குது."

"ரிப்பீட் சேரணும். ஒரு பக்கம் முடியறதும் மறுபக்கம் ஆரம்பிக்கறதும் ஒட்டணும். அதுக்காக வெட்டினேன்."

"ம்."

துவாலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப எடுத்தீங்க?"

"போன மாசம். வாஷிங் மெஷின் மேல இருந்துச்சு. நீ குளிச்சிட்டிருந்த. சும்மா வழி பாக்கத்தான் எடுத்தேன், அடியில வெச்சு. அழிச்சிடணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேன். அப்புறம் அவங்களுக்கு அதான் பிடிச்சுப்போச்சு. கூட்டு, கூட்டுன்னு..." அவள் மாட்டிய கிளிப்பையே மறுபடி கழற்றி மாட்டினாள். "கேட்டா குடுத்திருப்பியேன்னு நெனச்சு..."

"குடுத்திருக்க மாட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுத்திருக்க மாட்டேன் அண்ணி. அது உங்களுக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் கேக்கல." நாத்தனாரின் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு வேலை உங்களுக்குக் கெடச்சப்ப சிரிச்சேன்ல. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்பி வரணும், அதுக்காகச் சிரிச்சேன். வரையறது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம் இருந்துச்சு."

"அழிச்சிடறேன். நாளைக்குப் போய் மொத வேலையா சொல்லிட்டு அழிச்சிடறேன்."

"இது எத்தன பேர்கிட்ட இருக்கு இப்ப?"

"கம்பெனிக்கு மூணு சாம்பிள் போயிருக்கு."

"துணியாவா?"

"ஆமா."

"அத எப்படி அழிப்பீங்க?"

நாத்தனார் துவாலையைக் கயிற்றில் போட்டாள், சுருக்கம் எடுத்தாள், காலி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாம்பிள் அங்கேயே தொங்கியது. அவள் அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

கணவனிடம் அன்று சாயங்காலமே சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினான், நம்பிய பிறகு அவனிடமிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. "போய்ச் சொல்லிடு," என்றான் கடைசியில். "நான் கூட வரட்டுமா?"

"வேண்டாம். இதுக்கு யாரும் துணைக்கு வரக்கூடாது."

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் மேஜையில் இருந்த நிற அட்டைகளைச் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சரி. உன் நாத்தனார் பேரையும் கரையில போட்டுடலாம். ரெண்டு பேர் பேரும் வரட்டும். என்ன கெட்டுப்போச்சு?"

"அவளுக்கு வேண்டாம் மேடம். எங்கயும் வெளிவராத படம்தான் அவளுக்கு வேணும்."

"கேட்டுப் பாத்தியா?"

"கேக்கக் கூடாது மேடம். நான் கேட்டா, அவ அத எனக்காக யோசிக்க வேண்டியிருக்கும்."

மேடம் பெருமூச்சு விட்டார். "ஒரு கொடிதானே. வேற ஒண்ணு வரைஞ்சு வெக்க முடியாதா உன்னால?"

"எனக்கு வராது மேடம்."

மூன்று வருடத்தில் இதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் பாரம் குறையும் என்று எங்கோ ஒரு நப்பாசை இருந்தது. குறையவில்லை. மேடத்தின் முகத்தில் கோபத்தைவிட, ஏமாந்துபோனவரின் வெட்கம்தான் அதிகம் இருந்தது. பெரிய ஆளு என்று சொல்லியிருந்தாரே.

மேடம் பக்கத்தில் நிற்க, அவள் மணியை இடது பக்கம் இழுத்தாள். முப்பத்தைந்து, இருபது, பன்னிரண்டு, ஆறு. பூஜ்யம். பிறகு அந்த அடுக்கையே அழித்தாள். திரையில் வட்டங்கள் மிச்சம் இருந்தன, காரணமே இல்லாமல் வளைந்து வளைந்து போயின. கம்பெனி மறுநாளே வேண்டாம் என்றது. கேட்டுக் கேட்டு வாங்கியதில் இரண்டு சாம்பிள்கள் திரும்பி வந்தன. மூன்றாவது யாருடைய பெட்டியிலோ ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டது, தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் தேடவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அவளுக்கு இனிமேல் மற்றவர்களின் டிசைன்களுக்கு நிறம் மாற்றுகிற வேலை மட்டும். மெஷின்காரர் அவளைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றாவது சாம்பிளைப் பற்றி நாத்தனாரிடம் அவள் மறைக்கவில்லை. நாத்தனார் கேட்டுக்கொண்டாள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், எதுவும் எங்கும் வெளியாகவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அன்றைக்கே அவள் கொடியை ஆறு படங்களிலிருந்து எடுத்துவிட்டாள்.

"போட்டா என்ன? அந்தத் துணி எங்கயோ கெடக்கு, யாருக்குத் தெரியப்போகுது?" என்று அண்ணன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியுமே," என்றாள் தங்கை.

ஐந்து படம் இருந்தது. ஒன்று குறைந்தது. கடைசித் தேதிக்குப் பதினோரு நாள். கொடி வரைய அவளுக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அந்த நாட்களில் அவள் மருந்துக்கடையிலேயே ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து வரைந்தாள். வீட்டுக்கு வந்தால் தாளைச் சுருட்டி, சுருளை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போனாள். அண்ணியோடு சண்டை என்று எதுவும் இல்லை. உப்பு எங்கே, கேஸ் தீர்ந்துபோச்சு, அண்ணன் வந்தாச்சா என்கிற பேச்செல்லாம் நடந்தது. ஆனால் எந்த வாக்கியத்திலும் அண்ணி என்ற சொல் வரவில்லை. அந்தச் சொல் வருகிறதா என்று ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் மற்றவள்.

பத்தாவது நாள் காலை நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"உங்க ஆபீஸ்ல பெரிய ஸ்கேனர் இருக்குல்ல?"

"இருக்கு."

"வெளியில கடையில போட்டா பென்சில் கோடெல்லாம் செத்துப்போகுது. ஆறையும் ஃபைலாத்தான் அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"குடு, மத்தியானம் நானே போட்டு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நானும் வரேன்," என்றாள் நாத்தனார்.

சாப்பாட்டு நேரத்தில் அறை காலியாக இருந்தது. நாத்தனார் ஒவ்வொரு தாளையும் தன் கையாலேயே கண்ணாடிமேல் வைத்தாள், தன் கையாலேயே எடுத்தாள். ஆறாவது வரும்போது இவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாருங்க," என்றாள் நாத்தனார். "பாக்காம எப்படி ஓரம் சரியா வெட்டுவீங்க?"

பார்த்தாள். மருந்துக்கடை அலமாரியில் காலி பாட்டில்கள். நாலைந்து வரிசை. ஒன்றின் வழியாக இன்னொன்று, அதன் வழியாகப் பின்சுவர், சுவரில் ஒரு கடிகாரத்தின் பாதி. எந்த மணியையும் எங்கும் நகர்த்தாமல், வெறும் பென்சிலின் அழுத்தத்தாலேயே எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு தெரிந்தது. வலது மூலையில் அவசரம் இருந்தது. கடைசி வரிசைக்கு நேரம் போதவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. இன்னும் இருபது நாள் கிடைத்திருந்தால் அந்த மூலையும் வந்திருக்கும். அந்த இருபது நாளை எடுத்துக்கொண்டது யார் என்று இருவருக்கும் தெரியும். அவள் ஓரங்களை வெட்டினாள்.

ஆறு ஃபைலும் பென் டிரைவில் ஏறின. நாத்தனார் அதை வாங்கிக்கொண்டாள். கிளம்பவில்லை.

"இங்க இருக்கறத அழிங்க."

அழித்தாள். குப்பைக் கூடையையும் காலி செய்தாள். பிறகு, அதுவரைக்கும் நாத்தனாருக்குத் தெரிந்திராத இன்னொரு இடத்தைத் திறந்தாள். அங்கேயும் ஆறு படங்கள் வரிசையாக இருந்தன.

"அங்க எப்படி வந்துச்சு?"

"ஸ்கேனர் தானா ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கும். அதையும் அழிக்கணும்னுதான்..."

ஆறையும் அழித்தாள். சொல்லாமலே விட்டிருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்காது என்று ஒரு நினைப்பு ஓடிவந்தது. அந்த நினைப்புக்காகவும் கூசினாள்.

"இன்னும் எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

நாத்தனார் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு கடைக்காரி செல்லாத நோட்டோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இவள் கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள். சொன்னது உண்மைதான், சத்தியமாக உண்மை. ஆனால் கேட்டா குடுத்திருப்பியே என்று கயிற்றடியில் நின்று சொன்னபோது இருந்த அதே குரல்தான் இப்போதும் இருந்தது. அவளிடம் வேறு குரல் இல்லை.

"சரி," என்று சொல்லி நாத்தனார் தாள்களைச் சுருட்டினாள். ரப்பர் பேண்ட் போட்டாள். கதவு வரை போய், திரும்பாமலே, "வரேன்," என்றாள்.

காலடிச் சத்தம் படியில் இறங்கி முடிகிறவரை அவள் அசையவில்லை. சாப்பாட்டுக்குப் போனவர்கள் பேசிக்கொண்டே திரும்பி வருவது கேட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கணினியில் இருந்த ஒவ்வொரு இடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாள். எங்கேயும் இல்லை என்று நன்றாகத் தெரிந்த ஒன்றை, இருந்துவிடப் போகிறதே என்று பயந்து பயந்து, வேலை ஆரம்பிக்கிற மணி அடித்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தாள்.